‘அந்த நாள்’: ஒரு கொலை, ஐந்து வாக்குமூலங்கள்



என் தந்தையார் இளைஞராக இருந்த காலத்தில், தெல்லிப்பழையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் படம் பார்க்கச் செல்வது ஒரு சிறு யாத்திரையைப் போன்றது. நண்பர் நால்வர் ஐவர் சேர்ந்து புகையிரதத்திற் சென்று, காட்சி முடிந்தபின் படமாளிகை வாசலிற் பாட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு, வழிநெடுகப் பாடிக்கொண்டே ஊர் திரும்புவார்கள். ஒருமுறை அவர்கள் வெறுங்கையுடன் திரும்பினார்களாம். வாங்குவதற்குப் பாட்டுப் புத்தகம் இருக்கவில்லை. படத்திற் பாட்டே இல்லை! கொடுத்த காசு வீண் என்று ஒருவர் சினந்தார். ஆனால் புகையிரதம் மல்லாகத்தைத் தாண்டுவதற்குள் ஐவரும் வேறொரு வாதத்தில் மூழ்கிவிட்டனர். ‘அவன் சொன்னது பொய், இவள் சொன்னது மெய்’ என்ற அந்த வாதம் வீட்டுப் படலை வரை நீண்டது என்று தந்தையார் சொல்லுவார்.

அந்தப் படத்தின் பெயர் ‘அந்த நாள்’. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் நெறிப்படுத்த, ஏ. வி. எம். நிறுவனத்தார் தயாரித்து, 1954ஆம் ஆண்டு ஏப்பிரில் 13ஆம் திகதி வெளியிட்ட படம் அது. தமிழிற் பாடலும் ஆடலும் சண்டையும் இன்றி எடுக்கப்பட்ட முதற் படம் என்று திரைப்பட வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பிடுவர். மனித மனத்தின் இருண்ட அறைகளுள் விளக்கேந்திச் சென்ற படங்கள் தமிழிற் சிலவே. அவற்றுள் காலத்தாலும் தரத்தாலும் முன்னிற்பது இது. இப்படம் எந்தக் காலத்தின் பிள்ளை, இதில் நடித்தோர் எதனைச் செய்து காட்டினர், இன்று இது நமக்கு எதனைச் சொல்கிறது என்னும் மூன்றையும் இந்தச் சிறு பேச்சில் ஆராய விரும்புகிறேன்.

முதலிற் காலத்தைப் பார்ப்போம். படத்தின் கதை 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சென்னையில் நடைபெறுகிறது. யப்பானிய விமானம் சென்னையிற் குண்டு வீசிய இரவுக்கு அடுத்த நாட் காலையில், இராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிற் சுட்டுக் கொல்லப்படுகிறான். குண்டு வீச்சு கற்பனையன்று. அந்த ஒக்டோபரில் யப்பானிய விமானம் ஒன்று சென்னையிற் குண்டுகளை வீசிச் சென்றது. சேதம் பெரிதன்று, அச்சமோ பெரிது. அதற்கு முந்திய ஆண்டிலேயே யப்பானியர் வருகின்றனர் என்ற செய்தியால் நகரத்தார் பலர் வீடுகளைப் பூட்டிவிட்டு உள்ளூர்களுக்குச் சென்றிருந்தனர்.

இலங்கையர்க்கு இந்த அச்சம் நன்கு பழகியது. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மீது குண்டுகள் விழுந்தன. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ‘ஹேர்மெஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கொழும்பு தாக்கப்படுவதற்கு முதல் நாள், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கடல் விமானமொன்றின் கனடிய விமானி பேர்ச்சல் என்பார், தென்கடலில் யப்பானியக் கப்பற் படையைக் கண்டு, தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலி மூலம் எச்சரிக்கை அனுப்பினார். தெல்லிப்பழைக்குச் சில மைல் தொலைவிலுள்ள பலாலி விமானத் தளமும் அந்த யுத்தத்தின் தேவைக்காக அமைக்கப்பட்டதே. ஆகவே ‘அந்த நாள்’ இங்கு வந்தபோது, அதிலே வரும் விமான இரைச்சல் நம்மவர்க்கு வேற்றூர்ச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

அந்த யுத்தத்தில் வானொலி ஓர் இருமுனைக் கத்தியாயிருந்தது. பேர்ச்சலின் கையில் அது காவலாயிற்று. கதையில் வரும் இராஜனின் கையிலோ காட்டிக்கொடுக்கும் கருவியாயிற்று. உண்மையில் அக்காலத்தில் எது காவல், எது காட்டிக்கொடுத்தல் என்பதும் எளிதில் விடை காணத்தக்க வினாவாக இருக்கவில்லை. பினாங்கில் யப்பானியரின் உதவியுடன் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பல் மூலம் இந்தியக் கரையில் இறங்கிய வக்கம் அப்துல் காதரும் தோழர்களும், 1943 செப்ரெம்பர் 10ஆம் திகதி சென்னைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டனர். பிரித்தானிய அரசுக்கு அவர்கள் பகைவரின் ஒற்றர். சுதந்திர இந்தியாவுக்கு அவர்கள் தியாகிகள். இது நிகழ்ந்து ஒரு மாதத்தின் பின்னரே ‘அந்த நாள்’ கதையின் நாள் வருகிறது. படம் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லவில்லை. எனினும் தேசபக்தி எது, துரோகம் எது என்று கணவனும் மனைவியும் வாதாடும் காட்சிகளைப் பார்க்கும்போது, அந்தச் சிறைச்சாலையின் நிழல் அவற்றின் மீது விழுவதாகவே எனக்குத் தோன்றும்.

இனிப் படம் உருவான வரலாறு. பாலசந்தர் 1927ஆம் ஆண்டிற் பிறந்தவர். குழந்தை நடிகராகத் திரைக்கு வந்தவர். குருவின்றித் தாமே வீணை பயின்று, உலக மேடைகளில் வாசித்து, 1982இற் பத்மபூஷண் விருது பெற்றவர். இசையே மூச்சாயிருந்த ஒருவர் பாடலில்லாத படத்தை எடுத்தார் என்பது வியப்பாகத் தோன்றலாம். நுணுகி நோக்கினால் வியப்பில்லை. மௌனத்தின் மதிப்பை வீணை வாசிப்பவனை விட வேறு யார் அறிவார்?

யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமொன்’ 1950இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு வெனிஸ் நகர விழாவில் முதற்பரிசு பெற்றது. அதிலும் ஒரு கொலை. அதனைக் கண்டோரும் தொடர்புடையோரும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கின்றனர். அந்தப் படத்தைத் திரைப்பட விழாவொன்றிற் பார்த்த பாலசந்தர், அதன் அமைப்பினால் ஈர்க்கப்பட்டுத் தாமும் ஒரு கதை புனைந்தார். அதனை முதலில் வானொலி நாடகமாக்கி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்ததாகவும், அங்கே அது ஏற்கப்படவில்லை என்றும் கூறுவர். வானொலிக்காரனைப் பற்றிய கதையை வானொலியே ஏற்கவில்லை என்பது விதியின் விளையாட்டுப் போலும். பின்னர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அதனைப் படமாக்க முன்வந்தார். திரைக்கதையையும் உரையாடலையும் ஜாவர் சீதாராமன் எழுதினார்.

அமைப்பைக் கடன் வாங்கினாரேயன்றிப் பாலசந்தர் முடிவைக் கடன் வாங்கவில்லை. குரோசாவாவின் படத்தில் உண்மை கடைசிவரை கைக்கு அகப்படாமலே நழுவுகிறது. ‘அந்த நாள்’ படத்தில் உண்மை ஒன்று உண்டு; அதனை அடைவதற்கான வழிதான் கடினம். முன்னையது உண்மை என்று ஒன்று உண்டோ என ஐயுறுகிறது. பின்னையது, உண்மையைத் தேடும் பொறுமை நமக்கு உண்டோ எனக் கேட்கிறது. நமது நாட்டு நீதி மரபுக்கு அணுக்கமானது இரண்டாவதே என்பது என் கருத்து.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தை இன்னும் பாராதவர் இருப்பின் பொறுத்தருள வேண்டும். முடிவைச் சொல்லாமல் இப்படத்தின் பெருமையைச் சொல்ல இயலாது. படம் தொடங்கியவுடனே கதாநாயகன் சுடப்பட்டு விழுகிறான். அயல்வீட்டுச் சின்னையாபிள்ளை பொலிசுக்கு அறிவிக்கிறார். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் விசாரணையை மேற்கொள்கிறார். சின்னையாபிள்ளை, இறந்தவனின் தம்பி பட்டாபியின் மீது ஐயத்தைக் கிளப்புகிறார். பட்டாபி தன் சொந்த மனைவி ஹேமாவையே சந்தேகிக்கிறான். ஹேமாவோ, இராஜனோடு தொடர்பிலிருந்த அம்புஜம் என்னும் நடனமாதைச் சுட்டுகிறாள். அம்புஜம் சின்னையாபிள்ளையைக் காட்டுகிறாள். இவ்வாறு சுட்டுவிரல் ஒரு வட்டம் சுற்றி முதற் சாட்சியிடமே வந்து சேர்கிறது. ஒவ்வொருவர் சொல்லும் கதையும் நம் கண்முன் நிகழ்வதாகக் காட்டப்படுகிறது. ஒவ்வொன்றும் நம்பத்தக்கதாகவே இருக்கிறது. ஆயினும் நான்கும் பொய்த்துப் போகின்றன.

அவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று கொள்ள முடியாது. சொத்துப் பங்கு, நாவின் கூர்மை, குடும்பத்து அவமானம், பணக் கொடுக்கல் வாங்கல் எனத் தத்தம் நெஞ்சில் ஆறாதிருந்த புண்ணின் வழியாகவே அவர்கள் அந்தக் கொலையைப் பார்த்தார்கள். தம் மனக்கசப்பைச் சாட்சியமென்று எண்ணிச் சொன்னார்கள். இந்நுட்பந்தான் இப்படத்தைச் சாதாரணத் துப்பறியும் கதையிலிருந்து பிரித்து, உளவியல் ஆராய்ச்சியாக உயர்த்துகிறது.

ஐந்தாவது வாக்குமூலம் இறந்தவனின் மனைவி உஷாவினுடையது. இராஜன் அறிவிற் சிறந்தவன். அவனுடைய திறமைக்கும் கண்டுபிடிப்புக்கும் சொந்த நாட்டில் ஆதரவு கிட்டவில்லை. யப்பானியர் அவனை மதித்தனர். மதிப்புக்கு ஏங்கிய மனம் விலைபோயிற்று. இரகசியங்களை வானொலி வழியாக அவர்களுக்கு அனுப்பும் ஒற்றனானான். அதனைக் கண்டறிந்த மனைவி மன்றாடினாள், தடுத்தாள். ஈற்றில் அவள் கையிலிருந்த துப்பாக்கியே அவனுயிரைக் குடித்தது. எவரும் ஐயுறாத இடத்தில், கண்ணீருக்குப் பின்னால், உண்மை இருந்தது.

இனி நடிப்புக்கு வருவோம். இராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். அந்த வேடம் நேரே அவரிடம் வந்ததன்று. எஸ். வி. சகஸ்ரநாமம் முதலில் எண்ணப்பட்டார். பின்னர் கல்கத்தாவிற் பேராசிரியராயிருந்த என். விசுவநாதனை வைத்துப் படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. மெய்யப்பச் செட்டியாருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டுச் சிவாஜியை அழைத்தார். அவர் ‘பராசக்தி’ மூலம் திரைக்கு வந்து அப்பொழுது இரண்டு ஆண்டுகளும் நிறையவில்லை. விசுவநாதனும் திறமையில்லாதவரல்லர், சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’ படத்தில் (1962) அவர் நடித்ததை நோக்கினால், ஒருவருக்கு ஒருகால் மூடிய கதவு மறுகால் வேறிடத்தில் திறக்கும் என்பது புலனாகும்.

சிவாஜியின் புகழை அடுக்குமொழி வசனத்தோடும் முழங்கும் குரலோடும் சேர்த்தே பலரும் நினைவுகூர்வர். ‘அந்த நாள்’ அவரிடம் வேண்டியது நேர்மாறானது. இங்கே அவர் ஒருவராக நடிக்கவில்லை. ஐவர் நினைவில் வாழும் ஐந்து இராஜன்களாக நடிக்கிறார். தம்பியின் பார்வையில் இராஜன் கல்நெஞ்சன். தம்பி மனைவியின் பார்வையில் ஒழுக்கம் தவறியவன். ஆசைநாயகியின் நினைவில் இனிக்கப் பேசுபவன். மனைவியின் நினைவிலோ, ஒருகாலத்தில் ஒளிவீசிய இளைஞன், பின் மெல்ல மெல்ல இருண்டு போனவன். உடையிலோ ஒப்பனையிலோ பெரிய வேறுபாடு இல்லை. கண்ணிமையின் தாழ்வு, புகைபிடிக்கும் விதம், ஒரு சொல்லை இழுத்துவிடும் அலட்சியம் ஆகிய சிறிய குறிப்புகளாலேயே ஆள் மாறிப் போகிறான். ஆயினும் எல்லாக் கதைகளிலும் ஏதோ ஒன்று மாறாமல் நிற்கிறது. யார் வீட்டிலும் அமைதி காணாத ஒரு மனத்தின் படபடப்பு அது. சாட்சியங்கள் பொய்த்தாலும் அந்த ஒன்று பொய்க்கவில்லை என்று பின்னரே நமக்குத் தெரிகிறது.

கதாநாயகன் என்றால் நல்லவன் என்று மக்கள் எதிர்பார்த்த காலம் அது. வளர்ந்துவரும் நடிகரொருவர் தேசத்துரோகியாக நடிப்பது துணிவான செயல். ‘திரும்பிப் பார்’ (1953), ‘ரங்கூன் ராதா’ (1956) முதலிய படங்களிலும் சிவாஜி தீய குணமுடைய பாத்திரங்களை ஏற்றார். ஆனால் ‘அந்த நாள்’ படத்தில் அவர் செய்தது அவற்றினும் அரிது. இராஜனுக்காக நம்மை இரங்க வைக்கிறார். அவனை மன்னிக்கும்படி நம்மைக் கேட்கவில்லை. இரக்கத்துக்கும் மன்னிப்புக்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய வரம்பிலே கடைசிவரை நடந்து காட்டியதே அவருடைய வெற்றி.

உஷாவாக நடித்த பண்டரிபாயைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதுவே அவருடைய நடிப்புக்குச் சான்று என்று கூடச் சொல்லலாம். படத்தின் பெரும்பகுதியில் அவர் துயருற்ற விதவையாக ஓரமாய் நிற்கிறார். அந்தத் துயரம் உண்மையானது. ஆகையால் நாம் ஐயுறுவதில்லை. உண்மை வெளிப்பட்டபின் முன்னைய காட்சிகளை மீண்டும் எண்ணிப் பார்த்தால், அதே கண்ணீரில் குற்றவுணர்வும் கலந்திருந்தமை தெரியவரும். பொய்யாக ஒரு துளியும் அழாமல், மறைத்ததையும் மறைத்தவாறே வைத்திருப்பது எளிதன்று. கன்னட நாட்டவரான இவ்வம்மையார் ‘பராசக்தி’யிலும் சிவாஜியுடன் நடித்தவர். பின்னர் ‘தெய்வமகன்’ (1969) படத்தில் சிவாஜி ஏற்ற மூன்று வேடங்களுள் ஒன்றுக்கு மனைவியாகவும், மற்றிரண்டுக்குத் தாயாகவும் தோன்றியவர். அன்னை வேடங்களே அவருக்கு நிலைத்துவிட்டன. உஷாவைப் போன்ற பாத்திரம் இன்னும் சில அவருக்கு வாய்த்திருப்பின், தமிழ்த் திரையின் வரலாறு அவரை வேறு விதமாகப் பேசியிருக்கும்.

துப்பறியும் சிவானந்தமாக வருபவர் திரைக்கதையை எழுதிய ஜாவர் சீதாராமனே. பிற்காலத்தில் ‘உடல் பொருள் ஆனந்தி’ முதலிய தொடர்கதைகளால் வாசகர்க்கு அறிமுகமானவர். அவருடைய சிவானந்தம் அதட்டுவதில்லை, மேசையில் அடிப்பதில்லை. கேட்கிறார். ஒருவர் பேசும்போது குறுக்கிடாமல், முகத்தை நோக்கியவாறே, நல்ல வைத்தியன் நாடி பார்ப்பதுபோற் கேட்கிறார். சின்னையாபிள்ளையாக வரும் பி. டி. சம்பந்தம் இருண்ட கதையிற் சிறு நகையை ஊட்டுகிறார். ஊர் விடயங்களை எல்லாம் அறிந்தவர் போலப் பேசும் அந்த அயலவரை நாம் ஒவ்வோர் ஒழுங்கையிலும் கண்டிருக்கிறோம். தம்பி பட்டாபியாக டி. கே. பாலசந்திரன் அளவறிந்து நடித்திருக்கிறார். ஒளிப்பதிவாளர் எஸ். மாருதி ராவ், முகத்தில் ஒரு பாதியை ஒளியிலும் மறு பாதியை இருளிலும் வைத்து, நடிகர் சொல்லாததையும் சொல்ல வைத்தார்.

இத்தனை சிறப்பிருந்தும் படம் முதலில் வெற்றி பெறவில்லை. சான்றோரும் பத்திரிகைகளும் பாராட்டின. 1954ஆம் ஆண்டுக்குரிய இந்தியத் தேசிய விருதுகளில் நற்சான்றிதழும் கிடைத்தது. பொதுமக்களோ பாட்டைத் தேடினர். அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ (1944) போன்ற படங்களின் உயிரே பாட்டாயிருந்தது. நமது பகுதியை எடுத்துக்கொண்டால், காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் ‘மயான காண்டம்’ ஆடும் இரவில், அரிச்சந்திரன் துயரைப் பாட்டிலே கேட்டு விடியும்வரை கண்ணீர் வடித்தவர்கள் நம் மக்கள். துயரமென்றாற் பாடுவதே முறை என்றிருந்த செவிக்கு, பாடாமற் சாகும் கதாநாயகன் குறையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆயினும் பாட்டில்லாத நாடகம் நமக்கு முற்றும் புதிதன்று. கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு, உரையாடலும் மெய்ப்பாடும் முதன்மை பெறும் நாடகங்களை ஈழத்து மேடையில் வளர்த்தார்கள். இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ போன்ற வானொலி நாடகங்களை, குரலொன்றையே துணையாகக் கொண்டு ஆளையும் வீட்டையும் முற்றத்தையும் மனத்திற் கண்டவர்கள் நம் நேயர்கள். கூர்ந்து கேட்கப் பழகிய அத்தகைய செவிகளுக்குத்தான் ‘அந்த நாள்’ எடுக்கப்பட்டது. அது மெல்ல மெல்லத் தன் சுவைஞர்களைத் தேடிக்கொண்டது.

நான் அதனை முதன்முதற் பார்த்தது 1986ஆம் ஆண்டில், பதினாறு வயதில். அயல்வீட்டு முற்றத்தில் மின்பிறப்பாக்கி இரைய, வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியில் மூன்று படங்கள் காட்டினார்கள், நடுவிலே இது. படத்தில் விமான இரைச்சல் கேட்டபோது முதியவர் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து வானத்தைப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடந்தான். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று எனக்கு அறிய வேண்டியிருந்தது ஒன்றே: கொன்றவர் யார்?

1990ஆம் ஆண்டில் ஊரை விட்டு இடம்பெயர்ந்தோம். மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, அதன் டைனமோவிலிருந்து வந்த மின்னால் வானொலி கேட்டோம். ஒருவர் சுற்ற, பத்துப்பேர் செய்தி கேட்போம். சுற்றும் கை தளர்ந்தாற் குரலும் தளரும். அந்நாட்களில் இராஜனை நான் நினைத்ததுண்டு. கைத்திறனும் மூளையும் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் மதிப்பார் இன்றி வாடினார்கள்! மதிப்புக் கிடைக்காத திறமை என்ன ஆகும் என்ற வினா, அதன்பின் எனக்கு ஒரு படத்தின் வினாவாக மட்டும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் அந்நாட்களிற் கற்றோம். துரோகம் என்னும் சொல் எவ்வளவு இலேசாக நாவில் எழும் என்பதும், எழுந்தபின் அதனை மீட்பது எவ்வளவு அரிது என்பதும் நம் தலைமுறை அறிந்தவை. அயலவர் சொன்னார், அவருக்கு மற்றோர் அயலவர் சொன்னார்; சொன்னவர் நெஞ்சிலே என்ன புண் இருந்ததென்று கேட்பாரில்லை. சின்னையாபிள்ளைகள் பலர் இருந்தார்கள். சிவானந்தங்கள் குறைவாயிருந்தார்கள்.

பிறரைக் குறை கூறிவிட்டு நான் விலகிக்கொள்வது முறையன்று. அதிபர் பதவியேற்ற புதிதில், ஒரு வகுப்பிற் பிள்ளைகள் சேர்த்து வைத்த பணம் காணாமற் போயிற்று. நால்வர் ஒருவனைக் காட்டினார்கள். நால்வர் சொல் ஒத்திருந்தது; அதுவே போதுமென்று எண்ணி, அவனை மற்ற மாணவர் முன்னிலையிற் கண்டித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பேசாமையைக் குற்றத்தின் அடையாளம் என்று கொண்டேன். இரண்டு வாரத்தின் பின் அந்தப் பணம், பொறுப்பாயிருந்த ஆசிரியரின் அலுமாரியில், பழைய வரவுப் பதிவேட்டின் நடுவே இருந்தது. நால்வரும் பொய் சொன்னவர்களல்லர். அவன் புதிதாய் வந்த பிள்ளை, ஒருவருடனும் சேராதவன். அந்த அந்நியத்தன்மையே அவர்கள் கண்ணிற் குற்றமாகத் தோன்றிற்று. எல்லா மாணவரையும் மீண்டும் கூட்டி, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையசைத்தான். ஆனால் அந்தப் பாடசாலையில் இருந்த காலம் முழுவதும் அவன் என்னை நேருக்கு நேர் நோக்கியதை நான் காணவில்லை.

அந்த வாரத்திலே ‘அந்த நாள்’ படத்தை மீண்டும் பார்த்தேன். கொன்றவர் யார் என்பது முன்னரே தெரியும். ஆகவே இம்முறை கொலையை நோக்காமல், கேட்கும் மனிதரை நோக்கினேன். நான்கு சாட்சியம் கேட்டபின்னும் சிவானந்தம் தீர்ப்புச் சொல்லாமல் இருக்கிறாரே, அந்தப் பொறுமையை நோக்கினேன். யார் வாயிற் கேட்டாலும் அதன் மெய்ப்பொருளை ஆராய்ந்து அறிவதே அறிவு என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்தை, வகுப்பறையில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! விளக்கியவனுக்கு அதனைக் கற்பித்தது ஒரு பழைய படம்.

பாலசந்தர் பின்னர் ‘அவனா இவன்’ (1962), ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) முதலிய மர்மப் படங்களையும் தந்தார். பிறகு திரையை விட்டு வீணையோடு வாழ்ந்து, 1990ஆம் ஆண்டு ஏப்பிரில் 13ஆம் திகதி மறைந்தார். ‘அந்த நாள்’ வெளிவந்து அன்றோடு முப்பத்தாறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. சிவாஜி கணேசன் 2001ஆம் ஆண்டு மறைந்தார். அவர்கள் பயன்படுத்திய கருவிகள் பழைமையாயின. கதையிற் சொல்லப்பட்ட யுத்தமும் ஏட்டிலே அடங்கிவிட்டது.

ஆனால் இன்று ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. ஒருவரைப் பற்றிய ஒரு சொல் காலையிற் புறப்பட்டு, மாலைக்குள் ஆயிரம் பேரிடம் சேர்ந்துவிடுகிறது. நான்கு பேர் அல்ல, நாலாயிரம் பேர் ஒரே விரலை ஒரே ஆளை நோக்கி நீட்டுகின்றனர். இந்தக் காலத்து இளைஞர்க்கு இப்படத்தை ஆசிரியர்கள் ஒருமுறை காட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள். நான்காவது வாக்குமூலம் முடிந்தவுடன் படத்தை நிறுத்தி, ‘குற்றவாளி யார்?’ என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் உறுதியாக ஒரு பெயர் சொல்வார்கள். அதன்பின் ஐந்தாவது வாக்குமூலத்தை ஓடவிடுங்கள். வேறு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.